வீடியோ கேமில் கேட்கும் ரசிகர்கள் சத்தம் நிஜமா? ஸ்போர்ட்ஸ் கேமுக்கு 'உயிர்' வருவது இப்படித்தான்!

2020 ஜூன் 17. கொரோனாவால் மூன்று மாதம் நின்றுபோயிருந்த இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து மறுபடியும் தொடங்கிய நாள். ஸ்டேடியத்துக்குள் ஒரு ரசிகருக்குக்கூட அனுமதி இல்லை. ஆனால், ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலில் மேட்ச் பார்த்தவர்களுக்கு ஆரவாரம் கேட்டது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் 'ஃபிஃபா' வீடியோ கேமில் இருந்து!

நிஜ மேட்ச்சுக்கே சத்தத்தைக் கடன் கொடுக்கும் அளவுக்கு ஒரு கேம் வளர்ந்தது எப்படி? பார்க்கலாம்.

ஏன் தேவைப்பட்டது?

அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 16-ல் ஜெர்மனியின் பண்டஸ்லிகா தொடங்கிவிட்டது. காலி இருக்கைகள். பந்தை உதைக்கும் சத்தமும் கோச் கத்துவதும் எதிரொலித்தன. ஏதோ பிராக்டிஸ் மேட்ச் மாதிரி இருந்தது. அதனால், கேமுக்காகச் சேர்த்துவைத்திருந்த ஒலிகளையும் அந்தந்த அணி ரசிகர்களின் கோஷங்களையும் ஸ்கை பயன்படுத்தியது. சத்தம் வேண்டாம் என்பவர்களுக்கு அது இல்லாமல் பார்க்கவும் வசதி இருந்தது. ஸ்பெயினின் லா லிகாவும் இதே கேமின் ஒலியை எடுத்துக்கொண்டது.

சத்தம் எப்படி வேலை செய்கிறது?

ஒரே ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பத்து நிமிஷத்தில் காது கண்டுபிடித்துவிடும். அதனால் ஒலியை அடுக்கு அடுக்காகப் பிரிக்கிறார்கள். அடியில் எப்போதும் ஒரு இரைச்சல். பந்து கோல் பக்கம் போனால் சத்தம் ஏறும். ஷாட் வெளியே போனால் 'ச்சே' என்ற பெருமூச்சு. வெளியூர் அணி கோல் போட்டால், ஒரு மூலையில் மட்டும் கொண்டாட்டம். மற்ற இடமெல்லாம் கப்சிப். பந்து எங்கே, ஸ்கோர் என்ன, எத்தனையாவது நிமிஷம் என்பதைப் பார்த்து கேமே இதை முடிவு செய்யும்.

கமெண்ட்ரி?

வர்ணனையாளர் உங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வீரரின் பெயரையும் நிதானமாக ஒருமுறை, பரபரப்பாக ஒருமுறை என்று ஸ்டுடியோவில் முன்பே பேசிவைத்திருப்பார். கேம் அதை ஒட்டுப்போட்டுத் தருகிறது. 1995-ல் வந்த 'ஃபிஃபா 96'-லேயே ஜான் மாட்சனின் குரல் இருந்தது. ஒரே வரி மூன்றாவது முறை வந்தால் மட்டும், 'அட, இது ரெக்கார்டு' என்று தெரிந்துவிடும்.

ஓட்டமும் மோதலும்

2021-ல் வந்த 'ஃபிஃபா 22'-க்காக 22 வீரர்களுக்கு சென்சார் உடை மாட்டி, 11-க்கு 11 முழு மேட்ச் ஆடவிட்டார்கள். அதில் கிடைத்த 87 லட்சம் ஃபிரேம்களை வைத்து, வீரர்கள் எப்படி அசைகிறார்கள் என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2023-ல் 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24' என்று பெயர் மாறியபோது, 180-க்கும் மேற்பட்ட நிஜ மேட்ச்களின் தரவுகளும் சேர்ந்தன.

கிராஃபிக்ஸ் மட்டும் போதாதா?

போதாது. முகத்தில் வியர்வை தெரிவது அழகுதான். ஆனால் 90-வது நிமிஷத்தில் சொந்த ஊர் அணி தோற்கும்போதும் கூட்டம் முதல் நிமிஷம் மாதிரியே கத்தினால், அது பொம்மலாட்டம். நீங்கள் செய்வதற்கு மைதானம் பதில் சொல்ல வேண்டும். 2020-ல் டிவியில் தெரிந்த வீரர்கள் நிஜம், புல் நிஜம், கோலும் நிஜம். அந்தப் பதில் மட்டும்தான் இல்லை. அது இல்லாமல் பார்க்கவே முடியவில்லை என்றார்கள் பலர்.

அந்தக் கடன் சத்தமும் டிவி பார்த்தவர்களுக்கு மட்டும்தான். மைதானத்தில் ஆடியவர்கள் காதில் அது விழவே இல்லை.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அடுத்த முறை கேம் ஆடும்போது, ஆடியோ செட்டிங்கில் ரசிகர் ஒலியை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். அதே கிராஃபிக்ஸ்தான், அதே வீரர்கள்தான். ஆனால் கோல் போட்டாலும் 'அவ்வளவுதானா?' என்று இருக்கும்.