மரத்தடியும் கடையும்

1946 பிப்ரவரியில் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு லண்டன் தினசரியில் தமக்குப் பிடித்த மதுச்சாலையைப் பற்றி எழுதினார். பேச்சுக்கு இடைஞ்சல் செய்ய வானொலி கிடையாது, பகலுணவு மலிவு, பின்கட்டில் தோட்டம். இப்படிப் பத்து லட்சணங்களை அடுக்கியவர், கடைசியில் அப்படி ஒரு இடமே இல்லை என்று சொல்லிவிடுகிறார். பெருநகரத்தில் நல்ல மதுச்சாலை, அதுவும் மலிவாக, கற்பனையில்தான் சாத்தியம் போலும்.

குலசேகரன்பட்டினத்தைச் சுற்றிய பனங்காட்டில் நல்லதும் மலிவும் கடையைப் பொறுத்த விஷயங்கள் அல்ல. மரத்துக்கும் குடிப்பவனுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தவை. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டி மாதக்கணக்கில் இருக்கும், ஊர்விட்டு ஊர் போகும். கள் பொழுது ஏற ஏறப் புளிக்கும். பதுக்கி வைத்து விற்க முடியாது. பாரி கம்பெனி நிர்வகித்த குலசேகரன்பட்டினம் ஆலை பனைவெல்லத்தைச் சீனியாக்கியது. 1915-இல் திசையன்விளை வரை போட்ட சிறு ரயில் 1940 வரை ஓடியது. மூலதனம் இனிப்பைத் தேடி வந்தது. கள் மரத்தடியிலேயே நின்றுவிட்டது.

அங்கேயும் அரசாங்கம் வந்தது. 1886-இன் அப்காரிச் சட்டத்தின் கீழ் கள் இறக்கும் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். இரண்டும் கள்ளின் விலையில்தான் ஏறியிருக்க வேண்டும்.

இதை ஏக்கத்தோடு சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கள் இறக்குவதை விட்டுவிடும்படி தன் மக்களையே வற்புறுத்தியது. மரமேறுவதோடும் கள்ளோடும் ஒட்டிக்கொண்டிருந்த இழிவை அவர்கள் உதற வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. கருப்பட்டி காய்ச்சுபவள் பெண். கள் என்றால் அவள் அடுப்புக்கு வேலையில்லை.

1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது, 1948-இல் மாகாணம் முழுதும். அன்றிலிருந்து சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்பு. 1971-இல் கடைகள் திறந்தன. 1973-இல் கள்ளுக்கடைகள் மூடின. 1981-இல் மறுபடி திறந்து, 1987 தொடக்கத்தில் சாராயக்கடைகளோடு சேர்ந்து மூடின. 2003 முதல் சீல் வைத்த புட்டியை டாஸ்மாக் மூலம் அரசே சில்லறையில் விற்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுஷாப்பு உரிமத்தோடு நடக்கிறது. மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் தின்ன மனிதர்கள் உட்காருகிறார்கள்.

குடியே கூடாது என்பவரோடு விவாதிக்கலாம், அவரை மதிக்கவும் செய்யலாம். புட்டியை விற்றுக்கொண்டே கலயத்தைத் தடுப்பதற்கு என்ன தர்மம் சொல்ல முடியும்? நீண்ட தூரம் பயணம் போகக்கூடியதே கணக்கில் ஏறும் என்ற வியாபார நியாயம்தான் தெரிகிறது.

நம் கதைகளில் மனிதர்கள் டீக்கடையில் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். குடிக்கும்போது பெரும்பாலும் ஒளிகிறார்கள், அல்லது விழுந்து கிடக்கிறார்கள். குடித்துக்கொண்டே நிதானமாக ஒருவரோடொருவர் பேசுகிறவர்களை நம் எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. எழுத்தாளனைக் குறை சொல்லும் முன், அவர்கள் உட்கார இங்கே எத்தனை வருஷம் இடம் இருந்தது என்று மேலே உள்ள ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்கலாம்.