எண்ணெய்ச் செல்வமும் உப்புப் பூத்த நிலமும்

அஸர்பைஜான் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பாக்கூ நகரின் எண்ணெய்க் கிணறுகளே. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டின் வயல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நமக்குப் படிப்பினையும் உண்டு.

மழை குறைந்த அந்நாட்டின் சமவெளிகளில் பாசனமின்றி விளைச்சல் அரிது. நக்சிவான், கராபாக் பகுதிகளில் முன்னோர் 'கஹ்ரிஸ்' எனும் நிலத்தடிக் கால்வாய்களை வெட்டி, மலையடிவாரத்து நீரைச் சரிவின் வழியே ஊருக்குக் கொணர்ந்தனர். 1920இல் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். வக்ஃப் நிலங்களும் தனியார் நிலங்களும் அரசுடைமையாயின. 1930களில் உழவர்கள் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கப்பட்டனர்.

மாஸ்கோ கேட்டது பருத்தி. 1950களில் குரா ஆற்றின் குறுக்கே மிங்கச்செவிர் அணை எழுந்தது; பெருங்கால்வாய்களும் வெட்டப்பட்டன. நீர் பாய்ந்தது, வடிகாலோ போதவில்லை. நிலத்தடி நீர்மட்டம் உயர, வயல்களில் உப்புப் பூத்தது. மதுவுக்கென விரிவாக்கப்பட்ட திராட்சைத் தோட்டங்களோ, 1985இல் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் பெருமளவு அழிக்கப்பட்டன. நட்டதும் பிடுங்கியதும் மேலிடத்து ஆணையே. உழவரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

1991இல் நாடு விடுதலை பெற்றது. 1996ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் கூட்டுப்பண்ணை நிலங்களைக் கிராமத்தாருக்கு இலவசமாகப் பங்கிட்டது. பெரும் நன்மைதான் அது. ஆயினும் நிலம் கிடைத்த அளவுக்குக் கடனும் இயந்திரமும் சீரான கால்வாயும் கிடைக்கவில்லை. 1994இல் கையெழுத்தான எண்ணெய் ஒப்பந்தம் பலன் தரத் தொடங்கியதும், நாட்டின் பார்வை முழுவதும் கடலின் பக்கம் திரும்பியது. எண்ணெய் விலை வீழ்ந்து, 2015இல் மனாத் நாணயம் இருமுறை மதிப்பிறக்கப்பட்ட பின்னரே வேளாண்மை மீண்டும் பேசுபொருளாயிற்று. உழைப்போரில் மூவரில் ஒருவருக்கு மேல் வேளாண்மையை நம்பியிருக்க, நாட்டின் உற்பத்தி மதிப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடே.

விளைச்சலின் ஸகாத்தை நாம் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. சிரமப்பட்டு நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. நீருக்காக உழவர் படும் பாட்டை மார்க்கம் கணக்கில் கொண்டது. பருத்தியை மட்டும் எண்ணிய ஆட்சியும், எண்ணெயை மட்டும் எண்ணிய காலமும் அதை மறந்தன.

தூர்ந்துபோன கஹ்ரிஸ்கள் பல நக்சிவானில் மீண்டும் செப்பனிடப்பட்டுள்ளன. எண்ணெய் ஒருநாள் வற்றும். மண்ணும் நீரும் வருந்தலைமுறைக்காக அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றைப் பேணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!