ஓடாத சைக்கிளின் கதை: வீட்டுக்கு வாங்கலாமா, வேணாமா?

1/ "டாக்டர், வீட்ல வச்சு மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு பார்த்தோம். 40 ஆயிரம் சொல்றாங்க. வாங்கலாமா?" சுகர், பிரஷர் பார்க்க வர்றவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி. வாங்குங்க, வாங்காதீங்கன்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா இந்த மெஷினுக்கு 200 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுகிட்டா பதிலை நீங்களே சொல்லிடுவீங்க. நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

2/ முதல்ல ஒரு ஆச்சரியம். ரோட்டில் ஓடுகிற சைக்கிளுக்கு முன்னாடியே ஓடாத சைக்கிள் பிறந்துவிட்டது. ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் தன் இரண்டு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817-ல். அதில் பெடல்கூட கிடையாது. தரையைக் காலால் உந்தித்தான் போகணும். பெடல் வைத்த சைக்கிள் பாரிஸில் பிரபலமானது 1860-களில்.

3/ ஆனா 1796-லேயே லண்டனில் ஃபிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். காலுக்கு மிதி, கைக்குச் சுழற்றும் பிடி. மூட்டு வலி, பக்கவாதம் வந்து நடமாட முடியாதவர்களுக்கான மருத்துவக் கருவி அது. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களும் படித்துக்கொண்டே மிதிக்கலாம் என்பது கூடுதல் விளம்பரம். இன்னைக்கு ஆன்லைன் கடையில் பார்க்கிற அதே வாசகம்!

4/ இதோட அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற ட்ரெட்மில்லின் கதை வேற. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர் இங்கிலாந்து சிறைகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம் அது. கைதிகளுக்கு மணிக்கணக்கில் படி ஏறுவதே தண்டனை. ஆக, ட்ரெட்மில் தண்டனையாகப் பிறந்தது. சைக்கிள் மருந்தாகப் பிறந்தது.

5/ அடுத்து ஸ்வீடன். குஸ்தாவ் சாண்டர் என்ற டாக்டர் 1865-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு நிலையம் தொடங்கினார். ஒவ்வொரு தசைக்கும் ஒவ்வொரு மெஷின். சிலதை நோயாளியே இயக்கணும். சிலது நீராவி இன்ஜினில் ஓடி நோயாளியை ஆட்டிவிடும். இன்றைய ஜிம், பிசியோதெரபி பிரிவு இரண்டுக்கும் அவரைத் தாத்தான்னு சொல்லலாம்.

6/ மெஷின் பிறந்தது நோயாளிக்காக. ஆனா கொஞ்ச காலத்திலேயே ஐரோப்பா, அமெரிக்காவின் ஆடம்பர ஓய்வு விடுதிகளுக்குப் போய்விட்டது. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு ஜிம் இருந்தது. பெரிய டயல் வைத்த நிலையான சைக்கிள்கள், படகு வலிக்கும் மெஷின், மின்சாரத்தில் ஆடும் ஒட்டகம்கூட உண்டு. எல்லாம் முதல் வகுப்புக்கு மட்டும். மூன்றாம் வகுப்புப் பயணிக்கு அந்தப் பக்கமே அனுமதி இல்லை.

7/ இந்தப் போக்கை மனசுல வச்சுக்கோங்க. மருத்துவத் தேவைக்காக வரும் ஒரு பொருள், மெல்ல அந்தஸ்துக்கான பொருளாக மாறுவது. கதையில இது திரும்பத் திரும்ப வரும்.

8/ இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக். 1913-ல் காந்தத்தால் பிரேக் பிடிக்கும் ஒரு சைக்கிளைப் பற்றி எழுதினார். அதுல என்ன விசேஷம்? ஒருத்தர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைத் துல்லியமாக அளக்கலாம். மிதிக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுது என்பதையும் கூடவே அளக்கலாம். உடற்பயிற்சியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்த கருவிகளில் இது முக்கியமானது.

9/ தசை வேலை செய்யும்போது அதன் நுண்ணிய ரத்தக் குழாய்கள் எப்படித் திறக்கின்றன என்ற ஆய்வுக்காக 1920-ல் க்ரோக்குக்கு நோபல் பரிசு. அவர் மனைவி மேரி ஒரு டாக்டர். அவருக்குச் சர்க்கரை நோய். 1922-ல் தம்பதி அமெரிக்கா போனபோது, கனடாவில் புதுசா கண்டுபிடித்த இன்சுலின் பற்றிக் கேள்விப்பட்டு, அதைத் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பினார் க்ரோக்.

10/ அப்படித் தொடங்கிய நிறுவனத்தின் வாரிசுதான் இன்றைய நோவோ நோர்டிஸ்க். உங்க வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் அந்தக் கம்பெனியுடையதாகவும் இருக்கலாம். சைக்கிளும் இன்சுலினும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்திச்சிருக்கு. நம்ம உடம்பிலும் அப்படித்தான்: வேலை செய்யும் தசை, இன்சுலின் துணை இல்லாமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும்.

11/ கடையில் "மேக்னடிக் ரெசிஸ்டன்ஸ்" என்று பெருமையா சொல்றாங்களே, அந்த அடிப்படை 100 வருஷம் பழசு. மிதி, ஒரு கனமான சக்கரம், ஒரு பிரேக். அவ்ளோதான் மெஷின். 50 வாட் வேகத்தில் மிதிச்சா 10 ஆயிரம் ரூபாய் சைக்கிளிலும் 50 வாட்தான், லட்ச ரூபாய் சைக்கிளிலும் 50 வாட்தான். இதயத்துக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது.

12/ சரி, உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதுன்னு எப்ப தெரிஞ்சது? 1950 வரைக்கும் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பதுதான் வைத்தியம். 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர், டபுள் டெக்கர் பஸ் ஊழியர்கள் பற்றிய ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

13/ டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கிறார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனா கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வீரியம் குறைவு. எந்த மெஷினும் இல்லை, சந்தாவும் இல்லை. வெறும் மாடிப்படி!

14/ மோரிஸ் அதோட நிற்கலை. 1956-ல் அவரே இன்னொரு கட்டுரை எழுதினார், ஊழியர்களின் சீருடை அளவுகளை வைத்து. டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு, வேலைக்குச் சேர்ந்த புதுசிலேயே கண்டக்டர்களைவிடப் பெரிசு. அதாவது, பருமனான ஆட்கள் டிரைவர் வேலைக்குப் போயிருக்கலாம். வேலையால் மட்டும் வந்த வித்தியாசம்னு முழுசா சொல்லிட முடியாது. தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்ட நேர்மை அது. பின்னாடி வந்த பல ஆய்வுகள் உடல் உழைப்பின் நன்மையை உறுதிப்படுத்தின.

15/ இந்தச் சீருடைப் பாடம் நமக்கும் வேணும். விளம்பரத்தில் சைக்கிள் மிதிப்பவர் ஒல்லியா, கட்டா இருக்கார். சைக்கிளால் அப்படி ஆனாரா, இல்ல ஏற்கெனவே அப்படி இருந்தவரை உட்கார வச்சாங்களா? "வாங்கினவங்க எல்லாம் ஃபிட்டா இருக்காங்க" என்பது ஆதாரம் இல்லை.

16/ 1966-ல் அமெரிக்காவின் டாலஸில் ஒரு சோதனை. 20 வயசு இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். அவர்களின் உச்சபட்ச ஆக்சிஜன் திறன் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 30 வருஷம் கழிச்சு அதே 5 பேரை மறுபடி சோதித்தார்கள். 30 வருஷ வயசு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! சும்மா இருப்பதுதான் உடம்புக்கு அதிக விலை.

17/ இதே காலத்தில் சைக்கிள் மறுபடி கடைக்கு வந்தது. 1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் கீன் டிமிக் என்ற வேதியியலாளர் 'லைஃப்சைக்கிள்' என்ற மின்னணு சைக்கிளை உருவாக்கினார். ஆரம்பத்தில் விற்கவே இல்லை. விற்பனையை எடுத்துக்கொண்டவர்கள் ஜிம் முதலாளிகளுக்குச் சில மெஷின்களை இலவசமா அனுப்பினாங்க. அதுக்கப்புறம்தான் ஆர்டர் குவிந்தது.

18/ 1990-களில் ஜானி கோல்ட்பெர்க் என்ற சைக்கிள் பந்தய வீரரின் 'ஸ்பின்னிங்' வகுப்புகள். இருட்டு அறை, சத்தமான பாட்டு, முன்னாடி ஒரு பயிற்சியாளர், சுத்தி 20 பேர் மிதிக்கிறாங்க. மெஷின் அதேதான். புதுசா வந்தது என்ன? கூட்டம். பக்கத்துல ஒருத்தர் மிதிக்கும்போது நாம நிறுத்த மாட்டோம்.

19/ அந்தக் கூட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம்னு 2012-ல் நியூயார்க்கில் தொடங்கியது பெலோட்டன். சைக்கிள்ல ஒரு பெரிய திரை, நேரலை வகுப்பு. ஒரு கட்டத்தில் விலை 2,245 டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். அதுபோக மாதம் 39 டாலர் சந்தா. சந்தா கட்டலைன்னா அந்தத் திரையால் பெரிய பிரயோஜனம் இல்லை.

20/ 2020-ல் கொரோனா. ஜிம் எல்லாம் மூடல். பெலோட்டனுக்கு ஆர்டர் குவிஞ்சு, டெலிவரிக்கு வாரக்கணக்கில் காத்திருந்தாங்க. 2019-ல் 29 டாலருக்குச் சந்தைக்கு வந்த பங்கு, 2021 ஜனவரியில் 160 டாலரைத் தாண்டியது. 40 கோடி டாலரில் புதுத் தொழிற்சாலை கட்டுறோம்னு அறிவிச்சாங்க.

21/ ஊரடங்கு முடிஞ்சது. 2022 பிப்ரவரியில் 2,800 பேருக்கு வேலை போச்சு, நிறுவனர் ஜான் ஃபோலி தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், தொழிற்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 2024-ல் ஒரு கட்டத்தில் பங்கு 5 டாலருக்கும் கீழே. அதே வருஷம், செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களிடம் தனியா ஒரு கட்டணம் வசூலிக்கத் தொடங்கினாங்க. பழைய சைக்கிள் அந்த அளவுக்குக் கைமாறுதுன்னு அர்த்தம்.

22/ மெஷின் கெட்டுப்போகலை. அதே மிதி, அதே சக்கரம். மாறினது மனுஷங்க தினசரி வழக்கம். இந்த 200 வருஷக் கதையின் சாரம் இதுதான்: மிதிச்சா பலன் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் கூடுதல் காசு கொடுத்து வாங்க முயற்சி பண்ணினது மிதியை அல்ல. "தினமும் மிதிக்கிற மனசை". அது மெஷினோட வராது.

23/ இப்ப கணக்கு போடலாம். 40 ஆயிரம் ரூபாய் சைக்கிளை வாரம் 4 நாள், 3 வருஷம் மிதிச்சா 624 தடவை. ஒரு தடவைக்கு சுமார் 64 ரூபாய். நியாயமான விலை. அதையே 20 நாள் மிதிச்சுட்டு துணி காயப்போட்டா, ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். விலையை முடிவு பண்றது கடைக்காரர் இல்லை, நீங்கதான்.

24/ யாருக்கு உண்மையிலேயே உதவும்? மூட்டுத் தேய்மானத்தால் நடக்கச் சிரமப்படுபவர்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, ரோட்டில் நடந்தால் புண் வரும் அபாயம் உள்ளவர்கள். விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் பெரியவர்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள். விடியற்காலையில் தனியா நடக்க முடியாத தெருவில் இருக்கும் பெண்கள், கைக்குழந்தையை விட்டுப் போக முடியாத அம்மாக்கள். இவங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. லவுண்ட்ஸ் 1796-ல் நினைத்த ஆட்களும் கிட்டத்தட்ட இவங்கதான்.

25/ யாருக்குத் தேவையில்லை? பக்கத்தில் நல்ல பூங்காவோ மைதானமோ இருந்து, முட்டியும் நல்லா இருந்து, "சைக்கிள் வாங்கினா பண்ணிடுவேன்" என்று மட்டும் நினைப்பவர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. வேக நடையே போதும்.

26/ வாங்குவதற்கு முன்னாடி ஒரு பரீட்சை. அடுத்த 6 வாரம், வாரம் 5 நாள், ஒரே நேரத்தில் 30 நிமிடம். நடக்க முடிஞ்சா நடங்க. முடியாதவங்க நாற்காலியில் உட்கார்ந்தே கால், கைப் பயிற்சி. காலண்டரில் டிக் போடுங்க. 30-ல் 20 டிக் தாண்டினா தாராளமா வாங்கலாம். தாண்டலைன்னா 40 ஆயிரம் மிச்சம்.

27/ வாங்கறதா இருந்தா: திரை, ஆப், சந்தா எல்லாம் கடைசி. முதல்ல கடையில் ஏறி 10 நிமிஷம் மிதிச்சுப் பாருங்க. ஆடக் கூடாது. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசா மடங்கியிருக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி சீட்டை ஏத்தி இறக்க முடியணும். உங்க எடையைத் தாங்குமா, சத்தம் எவ்வளவு, உள்ளூரில் ரிப்பேர் பண்ண ஆள் உண்டான்னு கேளுங்க. செகண்ட் ஹேண்டில் மிதிக்காத சைக்கிள் நிறைய கிடைக்கும். காரணம் இப்ப உங்களுக்கே தெரியும்.

28/ வீட்டில் குழந்தை இருந்தா சக்கரமும் செயினும் முழுசா மூடியிருக்கணும். பெலோட்டனின் ஒரு ட்ரெட்மில் மாடலில் ஒரு குழந்தை இறந்து, 2021-ல் அந்த மாடலையே திரும்பப் பெற வேண்டியதாச்சு. விரல் நசுங்க ஒரு நொடி போதும்.

29/ நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், மயக்கம் இருப்பவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள்: உங்க டாக்டரைப் பார்க்காம ஆரம்பிக்காதீங்க. இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்கள் பக்கத்தில் ஏதாவது இனிப்பு வச்சுக்கோங்க. மிதிக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

30/ இந்த வாரமே காலண்டரில் முதல் டிக் போடுங்க. சைக்கிள் கடை எங்கேயும் போயிடாது, 6 வாரம் கழிச்சும் அங்கேயேதான் இருக்கும். வீட்டில் யாராவது "ஆஃபர் முடியப் போகுது" என்று அவசரப்பட்டா இந்த த்ரெட்டை அனுப்பி வைங்க.