உப்புக்காற்றும் ஓமின் விதியும்

விஞ்ஞான வரலாற்றை நாம் பெரும்பாலும் பெயர்களாகவும் ஆண்டுகளாகவுமே மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். 1827 என்றால் ஓம். 1831 என்றால் பரடே. அப்பெயர்களுக்குரியோர் எத்தகைய வீடுகளிலிருந்து வந்தனர் என்று கேட்பாரில்லை. கல்முனையில் ஒரு காலைப்பொழுது அக்கேள்வியை எம்மிடமே எழுப்பிற்று.

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை நடைபெற்ற நாட்களில் ஒன்று. சுபஹுத் தொழுகை முடித்து மண்டபக் கடமைக்குப் புறப்பட்டபோது, எமது பழைய மோட்டார் சைக்கிள் இயங்க மறுத்தது. விளக்கு எரிந்தது; ஹோர்ன் ஒலித்தது; ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் மட்டும் 'டிக்' என்ற ஓசையோடு யாவும் அடங்கிற்று. உதைத்து இயக்கும் கிக்கரோ என்றோ தேய்ந்துவிட்டது. பற்றரிதான் செத்துவிட்டதென முடிவுசெய்து, வண்டியைத் தெருவோரக் கராஜ் ஒன்றுக்கு உருட்டிச் சென்றோம். அங்கு நின்றவன் எமது பழைய மாணவன். தந்தையோடு கரைவலை இழுக்கப் போன நாட்களில் வகுப்புக்கு வராதவன். 'உனக்குப் படிப்பு வராது' என்று எம்மால் கூறப்பட்டவன்.

அவன் மீற்றரைப் பற்றரியில் வைத்தான்; 12.6 வோல்ற்று. பொத்தானை அழுத்தியபோதும் அது பெரிதாகச் சரியவில்லை. பின்னர் ஒரு முனையைப் பற்றரியின் நேர்மறையில் அன்றி எதிர்மறையிலும், மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்து, மீண்டும் அழுத்தச் சொன்னான். முள் ஏறக்குறைய 5 வோல்ற்றைக் காட்டிற்று. "சேர், பற்றரியில பிழையில்ல. பாதையிலதான் கள்ளன் இருக்கான்" என்றான். ஏர்த்து வயரைக் கழற்றினான். உப்புக்காற்றில் பச்சைப் பாசியெனக் களிம்பேறியிருந்தது. அரத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிறீஸ் பூசினான். வண்டி உயிர்பெற்றது.

நடந்தது யாதெனின், களிம்பு ஏறத்தாழ 0.1 ஓம் தடையாக நின்றது. 3 அம்பியர் கேட்கும் விளக்குக்கு அதனால் நேரும் இழப்பு 0.3 வோல்ற்றே. 50 அம்பியர் கேட்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 5 வோல்ற்று பறிபோகிறது; எஞ்சியதைக் கொண்டு பிஸ்டனின் அமுக்கத்தை வெல்ல இயலாது. விளக்கு எரிவதைக் கண்டு பாதை நலமெனக் கொள்ளுதல் தவறு. இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் நாம், சொந்த வண்டியிற் கண்டுகொள்ளவில்லை.

பொத்தான் வந்த கதையும் அறியத்தக்கது. 1902இல் ஸ்ருட்காட் நகரின் பொஷ் பட்டறையில் கொட்லொப் ஹொனோல்ட் உயரழுத்த மக்னீற்றோவை உருவாக்கினார். பற்றரியின்றியே தீப்பொறி கிடைத்தது. எனினும் அதனைச் சுழற்ற மனிதக் கால் வேண்டியிருந்தது. 1914இல் அமெரிக்க இந்தியன் நிறுவனம் 'ஹென்டி ஸ்பெஷல்' வண்டியில் மின்தொடக்கியைப் பொருத்திற்று. அக்காலப் பற்றரிகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. 1950களின் இறுதியில் ஹொண்டா நிறுவனமே பொத்தானைச் சாதாரண மக்களின் வண்டிகளுக்குக் கொண்டுவந்தது.

இவ்வரலாற்றின் மாந்தர் யார்? ஓம், பூட்டுச் செய்வோரின் மகன்; தம் விதியைக் கண்ட காலத்தில் கொலோன் நகரப் பாடசாலை ஆசிரியர். பரடே, கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையிற் பயின்ற சிறுவன். சொய்ச்சிரோ ஹொண்டாவும் கொல்லரின் மகனே. பதினைந்து வயதில் தோக்கியோவின் கராஜ் ஒன்றிற் சேர்ந்தவர். கை உழைப்பிலிருந்து பிறந்த அறிவையே நாம் ஏட்டறிவெனப் போற்றுகிறோம். அக்கைகளைப் பாடசாலை வாயிலில் தடுத்து நிறுத்துகிறோம்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீளத் திறக்கப்படும்வரை, இக்கடற்கரை ஊர்களில் ஆசிரியரையும் மீனவரையும் வியாபாரியையும் சுமந்த பழைய வண்டிகளை வாழவைத்தவர்கள் இத்தகைய இளைஞரே. இதனாற் கராஜைப் பல்கலைக்கழகமெனப் புகழ்ந்து நாம் கடமை தீர்த்துவிடலாகாது. அவ்விளைஞன் ஓமின் பெயரை அறியான். பெயரோடு கணக்கும் அவனுக்குக் கிடைத்திருந்தால், வண்டியோடு அவன் அறிவு நின்றிருக்குமா? அவ்வாய்ப்பைப் பறித்தது வறுமை மட்டுமன்று. எமது ஒரு வாக்கியமும் அதில் பங்குகொண்டது.

கூலி எவ்வளவென்று கேட்டோம். "சேரிட்ட என்ன காசு" என்று சிரித்தான். அச்சிரிப்புக்கு முன் நின்ற சங்கடம், பரீட்சை மண்டபத்தில் வெற்றாகக் கிடந்த மேசைகளைக் கண்டபோது இன்னும் கனத்தது.