மதிலும் வாயிலும்



இன்று இராயபுரத்துக் கடற்கரையில் நின்றால் தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தோன்றும். 1842-ஆம் ஆண்டில் இங்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவிலே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் இறங்கி, அலைகளைக் கடந்து கரை சேர்வர். அப்படகுகளைச் செலுத்திய குலத்தார் எழுப்பியதே இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம்.

அவ்வாண்டு சனவரித் திங்களில் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்தனர். இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் மடமும் பள்ளியும் அமைத்தனர். அச்சபையைத் தோற்றுவித்தவர் நானோ நேகிள் என்னும் அம்மையார். கத்தோலிக்கர் கல்வி புகட்டுவதைச் சட்டம் தடுத்த காலத்தில், கார்க் நகரச் சந்துகளில் ஏழைச் சிறார்க்கு மறைவாகப் பள்ளிகள் நடத்தியவர். 1775-இல் சபையை நிறுவினார். ஆனால் 1784-இல் அவர் மறைந்த பின், திருச்சபையின் அன்றைய விதிப்படி 1805-இல் அடைப்பு வாழ்க்கை வந்தது. தெருத்தெருவாய் நடந்தவரின் புதல்வியர் மதிலுக்குள் இருந்தே கற்பிக்கலாயினர். குழந்தைகள் மடத்தை நாடி வரலாம். கன்னியர் குழந்தைகளை நாடிச் செல்லல் இயலாது.

சென்னைக்கு மேற்கே கீழச்சேரி என்னும் சிற்றூரில் இதற்கு வேறான ஒரு நிகழ்ச்சியைக் காண்கிறோம். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் வந்தும் வழக்கம் மாறவில்லை. கணவனை இழந்தவள் வீட்டின் மூலைக்கே உரியவள் என்று சமூகம் கருதிற்று. அக்காலத்தில், 1822-இல் பிறந்த ஞானம்மா என்னும் விதவைத்தாய், 1863-இல் அவ்வூர்ப் பெண்மக்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவர் 1874-இல் இறந்தார். அவருடைய பணியே சென்னைப் புனித அன்னாள் கன்னியர் சபைக்கு வித்தாயிற்று. இராயபுரத்துப் பெண்கள் பலர் எழுத்தறிந்தது அக்கன்னியரிடமே.

பின்னர் 1962 முதல் 1965 வரை உரோமையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடிற்று. துறவியரைக் குறித்து அது 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஆணை இரண்டு செய்திகளைக் கூறிற்று: சபையை நிறுவியவரின் முதல் நோக்கத்திற்குத் திரும்புக, காலத்தின் தேவைக்கேற்ப மாறுக. கல்விப்பணியும் பிணியாளர் பணியும் புரிவோர்க்கு அடைப்பு தளர்ந்தது, உடை எளிமையாயிற்று. இலத்தீனில் நடந்த பூசை தமிழில் ஒலித்தது.

அந்நாளில் நான் சிறுவன். இலத்தீன் மறைந்ததே என்று என் பாட்டியார் கண்ணீர் விட்டதை நான் அறிவேன். ஒரு நாள் காலையில் இரு கன்னியர் மீனவர் குப்பத்து மணலில் நடந்து வந்து, எங்கள் வாயிலில் நின்று, பள்ளியை விட்டு நின்றுபோன அண்டை வீட்டுச் சிறுமியைப் பற்றி வினவினர். பாட்டியார் பேசாமல் எழுந்து சென்று, அச்சிறுமியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அதன்பின் அவர் இலத்தீனைக் குறித்து வருந்தியதை நான் கேட்டதில்லை.

மாறுதல் எளிதன்று. உலகெங்கும் கன்னியர் பலர் அந்நாளில் மடங்களை விட்டு வெளியேறினர். தங்கியவரும் மனம் கலங்கினர். எனினும் மாணவர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1965-இல் புதுமை என்று தோன்றியது நேகிள் அம்மையார் சந்துகளில் நடந்த பழைய நடையே அன்றோ? ஞானம்மா வீட்டு மூலையை விட்டு எழுந்த எழுச்சியே அன்றோ? ஒரு நிறுவனம் தன் தொடக்கத்தை மறவாதிருப்பின், மாறுதலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. இவ்வுண்மை மடத்திற்கு மட்டுமன்று, நீங்கள் பயிலும் பள்ளிக்கும் பொருந்தும்.