எருக்கு: மாறாத பெயர், மாறிய மதிப்பு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக் கோட்டின் ஓரத்து ஊர் காரோடு. இங்கே தரிசில் முளைக்கும் சாம்பல் பச்சைச் செடியைத் தமிழர் எருக்கு என்பர். மலையாளிகள் எருக்கு என்றும் எரிக்கு என்றும் சொல்வர். கன்னடத்தில் அது எக்கெ.

வடமொழியில் அர்க்கம். சூரியனுக்கும் அதுவே பெயர். ரதசப்தமி நீராடலில் எருக்கிலை தலையேறுவது இந்தப் பெயர்ப் பொருத்தத்தை ஒட்டித்தான். அச்சொல் தமிழில் அருக்கமாகி ஏட்டில் நின்றது, பேச்சில் ஊன்றவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலில் வான் ரீடு மலையாளிகள் சொன்ன 'எரிக்கு' என்பதையே தலைப்பாக்கினார். 1753இல் லின்னேயஸ் அதை அஸ்கிளெப்பியாஸ் இனத்தில், அமெரிக்கப் பாற்செடிகளின் கூட்டத்தில் வைத்தார். பிறகு அது காலோட்ரோபிஸ் ஆனது.

இத்தனை பெயர் சூட்டியும் ஊரார் வாயில் எருக்கு எருக்காகவே இருக்கிறது. மாறியது அதற்குக் கொடுத்த மதிப்பு. குறுந்தொகை 17இல் பனைமட்டைக் குதிரையில் மடலேறும் காதலன் சூடுவது எருக்கங்கண்ணி. நாணம் துறந்தவன் என்பதற்கு அதுவே அடையாளம். புறநானூறு 106இல் கபிலரோ, எளியோர் தரும் எருக்கையும் தெய்வம் தள்ளாது, வள்ளல் பாரியும் அப்படித்தான் என்கிறார். இரண்டு பாட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றன: வேறு பூ இருந்தால் இதை யாரும் பறிக்கமாட்டார்கள்.

காரணம் செடியிலேயே இருக்கிறது. இலையைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணைக் கெடுக்கும். உள்ளே போனால் இதயத்தைத் தாக்கும். ஆடுமாடு பெரும்பாலும் வாய் வைக்காது. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு மட்டும் அதைத் தின்றே வளரும். மேயாத செடி ஆளில்லாத மனையில் தழைக்கும். "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்ற வசவு பிறந்தது இப்படித்தான்.

அதே செடியின் வெள்ளை வகை, விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூர்ச் சிவன் கோயிலில் தலமரம். ஊரின் பெயரிலும் எருக்கு இருக்கிறது. விநாயகர் சதுர்த்தியன்று எருக்கமாலை கடைத்தெருவில் காசுக்கு விற்கிறது. உழவனுக்கு வேண்டாத செடி, வணிகனும் கொண்டுவராத செடி. அதனால்தான் புதுச்சரக்கோடு புதுப்பெயர் வந்து ஒட்டவில்லை. தரிசு இருக்கும் ஊரெல்லாம் பழைய பெயரே போதுமாயிற்று.