ஜப்பான் போகும் முன் ஒரு கொல்கத்தா காலை: டிரெட்டா பஜாரில் என்ன சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடணும்?

இன்ஸ்டாகிராமில் நாலு ரீல்ஸ் தள்ளினால் ஒன்று ஒசாகா தெருவில் நிற்கிறது. நம்ம வீட்டுப் பணியாரக் கல் மாதிரியே குழி குழியான கல்லில், ஆக்டோபஸ் துண்டு போட்டுச் சுடும் தகோயாகி. ஒரு பக்கம் மட்டும் முறுகிய கியோசா. ஆவி பறக்கும் நிக்குமான் பன். "ஒரு தடவையாவது ஜப்பான் போகணும்டா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு ஓடும். டிக்கெட் விலையும் விசாவும் லீவும் நினைவுக்கு வந்ததும் பேச்சு அடங்கிவிடும்.

அந்தப் பட்டியலின் கடைசி இரண்டுக்கும் நெருங்கிய சொந்தக்கார உணவுகளைச் சாப்பிட பாஸ்போர்ட் தேவையில்லை. சென்னையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேர விமானப் பயணம் போதும். இடம்: மத்திய கொல்கத்தாவின் டிரெட்டா பஜார், அதாவது பழைய சைனா டவுன். ஆனால் ஒரு நிபந்தனை, சீக்கிரம் எழுந்திருக்கணும்.

ஜப்பானுக்கும் கொல்கத்தாவுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு ஊர்த் தெருக்களுக்கும் இந்தச் சாப்பாடு சீனாவிலிருந்துதான் போனது. யோகோஹாமா, கோபே துறைமுகங்களில் குடியேறிய சீனர்களின் நூடுல்ஸ்தான் பின்னாளில் ராமென் ஆனது. அதன் பழைய பெயரான 'சூகா சோபா'வுக்கு 'சீன நூடுல்ஸ்' என்றே பொருள். நிக்குமான், சீனர்களின் பாவ் பன். இரண்டாம் உலகப் போரில் தோற்று, மஞ்சூரியாவிலிருந்து ஊர் திரும்பிய ஜப்பானியர்கள் பரவலாக்கியதுதான் கியோசா.

அதேபோல் தென் சீனாவிலிருந்து கப்பலேறிய இன்னொரு கூட்டம் கொல்கத்தாவில் இறங்கியது.

அவர்கள் எப்போது வந்தார்கள்?

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 18-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், டோங் ஆச்சியூ என்ற சீன வணிகர் பட்ஜ் பட்ஜ் அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை தொடங்கினார். அந்த ஊருக்கு இன்றும் அவர் பெயர்தான்: ஆச்சிபூர். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கொல்கத்தா சீனர்கள் அங்கே போய் அவர் சமாதியில் வணங்குகிறார்கள்.

பிறகு வந்தவர்கள் தொழில்வாரியாகப் பிரிந்தார்கள். கான்டனீஸ்காரர்கள் தச்சு வேலை, ஹக்கா மக்கள் தோல் பதனிடுதலும் செருப்புத் தயாரிப்பும், ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியம். டிரெட்டா பஜார் என்ற பெயர், இந்தச் சந்தையை ஒரு காலத்தில் வைத்திருந்த எட்வர்ட் டிரெட்டா என்ற இத்தாலியரிடமிருந்து வந்தது.

நகரின் கிழக்கே உள்ள டாங்ராவில் ஹக்கா மக்களின் தோல் தொழிற்சாலைகள் இருந்தன. மாசு காரணமாக அவற்றை இடம் மாற்றச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு டாங்ரா முழுக்க உணவகங்களின் ஊராகிவிட்டது.

ஒரு கூடுதல் தகவல். உங்க ஏரியா தள்ளுவண்டியில் கிடைக்கிற கோபி மஞ்சூரியனுக்கும் இந்த ஊர்த் தொடர்பு உண்டு. அதன் மூத்த அண்ணன் சிக்கன் மஞ்சூரியனை 1975-ல் மும்பையில் உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் நெல்சன் வாங். அவர் பிறந்தது கொல்கத்தாவில்.

அப்புறம் ஏன் சைனா டவுன் காலியாகிறது?

1962 இந்திய - சீனப் போர்தான் பெரிய திருப்பம். போர் நேரத்துச் சட்டங்களின் கீழ் சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் பிடிக்கப்பட்டு, ரயிலில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அசாமிலும் வட வங்காளத்திலும் வாழ்ந்தவர்களே இதில் அதிகம். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் கடைசியாக இருந்தவர்கள் வெளியே வர 1967 ஆனது.

கொல்கத்தாவில் இருந்தவர்களுக்கும் போலீஸ் பதிவு, ஊர் விட்டு ஊர் போக அனுமதி என்று கட்டுப்பாடுகள். பலர் வேலையையும் கடையையும் இழந்தார்கள். அதிலிருந்து டொரான்டோவுக்கும் வேறு ஊர்களுக்கும் போக ஆரம்பித்தவர்கள், இன்றுவரை போய்க்கொண்டே இருக்கிறார்கள். மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

இது நமக்குத் தெரியாத கதையா?

சென்னை பர்மா பஜார் பக்கம் நின்று அத்தோ சாப்பிட்டிருக்கிறீர்களா? அதே 1962-ல்தான் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாக, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். கையில் காசு இல்லை, ஆனால் கைப்பக்குவம் இருந்தது. அதுதான் அத்தோ.

டிரெட்டா பஜாரில் நீங்க வாங்கப் போகும் பன்னுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஒரே வித்தியாசம், நம்ம ஆட்கள் வந்து சேர்ந்தவர்கள். இங்கே இருப்பவர்கள் போகாமல் தங்கியவர்கள்.

எப்போது, எப்படிப் போகணும்?

ஞாயிற்றுக்கிழமைதான் சிறந்த நாள். காலை 6 மணி வாக்கில் கடை விரிப்பார்கள். 8 மணிக்கு மேல் போனால் நல்ல அயிட்டங்கள் தீர்ந்திருக்கும்.

அருகில் உள்ள மெட்ரோ நிலையம் சென்ட்ரல். ஆனால் ஞாயிறு காலையில் மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், அதை நம்பாதீங்க. டாக்சியில் ஏறி 'போத்தார் கோர்ட்' என்று சொல்லுங்கள். லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கம்தான். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். கூட்ட நேரத்தில் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்பதை விட அது வேகம்.

என்ன வாங்கலாம்?

பாவ் பன்: இட்லி மாதிரி ஆவியில் வெந்த வெள்ளை பன், உள்ளே பன்றிக்கறி அல்லது கோழி. நிக்குமானின் சொந்தக்காரர் இவர்தான்.

சியூ மாய்: மேல் பக்கம் திறந்த சின்ன டம்ளிங். ஜப்பானில் இதுவே ஷூமாய். யோகோஹாமாவில் ரொம்பப் பிரபலம்.

மீன் உருண்டை சூப்: குளிர்கால அதிகாலைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. முதலில் இதை வாங்குங்கள்.

மோமோ: இதுவும் கிடைக்கும். ஆனால் இது திபெத், நேபாள வழி வந்தது, சீனக் குடியேறிகளின் சரக்கு அல்ல. இப்போது இங்கே விற்பவர்களிலும் சீனர் அல்லாதவர்கள் நிறைய.

சைவம், ஹலால் பார்ப்பவர்கள்?

நேரடியாகச் சொல்லிவிடலாம்: சைவர்களுக்கு இங்கே பெரிதாக எதுவும் இல்லை. பல கடைகளில் எல்லாம் ஒரே பாத்திரத்தில்தான் வேகும். நண்பர்களோடு போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்துக் கடையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிடலாம். பன்றிக்கறி தவிர்ப்பவர்கள் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனியாகக் கேளுங்கள். வங்காளியில் மீன் 'மாச்', இறால் 'சிங்ரி', சைவம் 'நிராமிஷ்'. எவ்வளவு என்று கேட்க 'கொத்தோ?' போதும்.

எதைத் தவிர்க்கணும்?

"நீங்க சைனாவா?" என்று கேட்காதீங்க. பல தலைமுறையாகக் கொல்கத்தாவில் வாழும் இந்தியர்கள் அவர்கள். எல்லையில் சண்டை என்றாலும் கோவிட் என்றாலும் இந்தக் கேள்வி அவர்கள் மேல்தான் விழுகிறது. விற்பவரை 'தாதா', 'தீதி' என்று கூப்பிடுங்கள், ஊர் வழக்கம் அதுதான். முகத்தைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பத்து நிமிஷம் வீடியோ எடுத்துவிட்டு ஒரே ஒரு பன்னைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுக் கிளம்பாதீங்க. இந்தத் தெரு உயிரோடு இருப்பது லைக்குகளால் அல்ல, வாங்கிச் சாப்பிடுபவர்களால்.

ஒசாகா எங்கேயும் போய்விடாது. பத்து வருஷம் கழித்துப் போனாலும் தகோயாகி இருக்கும். டிரெட்டா பஜார் காலைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அடுத்த லாங் வீக்எண்டுக்கு எங்கே போகலாம் என்று குரூப்பில் பேச்சு வந்தால், முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள்.